ஆண்ட்ராய்டுல இருந்து ஐபோனுக்கு: வேலை ஒரு நாள் கூட நிக்காம மாறுறது எப்படி

எட்டு வருஷமா ஆண்ட்ராய்டு தான் வச்சிருந்தேன். கோயம்புத்தூர்ல பம்ப் ஸ்பேர் பார்ட்ஸ் சேல்ஸ்ல இருக்கேன், ஆர்டர் வர்றது வாட்ஸ்அப்ல, பணம் வர்றது யூபிஐல, கொட்டேஷன் போறது மெயில்ல, ஆக மொத்தம் போன் தான் எனக்கு கடை. ஐபோன் வாங்கின அன்னைக்கே பழைய போனை எக்ஸ்சேஞ்ச்ல குடுத்துட்டேன், அங்க தான் சிக்கல் ஆரம்பிச்சுது. மறுநாள் காலைல ஆபீஸ் மெயிலைத் திறந்தா ஆத்தென்டிகேட்டர் நம்பர் கேக்குது, லாகின் பண்றது நாம தான்னு உறுதி பண்ண ஒரு ஆப் காட்டுற நம்பர் அது, அந்த ஆப் இருந்த போன் கைல இல்ல. ஐடி ஆளைப் புடிச்சு ரீசெட் பண்ணி வாங்க மூணு நாள் ஆச்சு, அதுக்குள்ள ரெண்டு கொட்டேஷன் கைவிட்டுப் போச்சு. அதுக்கப்புறம் வீட்டுலயும் ஆபீஸ்லயும் அஞ்சாறு பேருக்கு நானே பக்கத்துல உக்காந்து மாத்திக் குடுத்திருக்கேன். வீடு மாறுற மாதிரி தான் இதுவும், புது வீட்டு சாவி கைக்கு வராம பழைய வீட்டைக் காலி பண்ணக் கூடாது. சாவின்னா சிம், ஆத்தென்டிகேட்டர், யூபிஐ. சாமான்னா போட்டோ, காண்டாக்ட், சாட். சாமான் மட்டும் ஐபோனை முதல் தடவை செட்டப் பண்ணும்போதே ஏறணும், அதனால கீழ அந்தப் பகுதியையும் படிச்சுட்டு ஆரம்பிங்க, பழைய போனை பதினஞ்சு நாளாவது வீட்டுல வச்சிருங்க.

சிம்முல ஆரம்பிங்க

ஆண்ட்ராய்டுல ரெண்டு சிம் கார்டு போட்டுப் பழகினவங்க இதைக் கவனிங்க. இங்க விக்கிற பெரும்பாலான ஐபோன்ல ஒரு நானோ சிம் தான் போட முடியும், ரெண்டாவது நம்பர் இசிம்மா, அதாவது கார்டு இல்லாம போனுக்குள்ளயே பதியற சிம்மா தான் இருக்கணும், ஐபோன் ஏர்ல அந்த ஒரு சிம் ஸ்லாட்டும் கிடையாது. அதனால ரெண்டு நம்பர் வச்சிருந்தா ஒண்ணை இசிம்மா மாத்தியாகணும். எதை மாத்தணும்னு கேட்டா, பேங்க்ல குடுத்திருக்குற நம்பரை கார்டாவே விட்டுடுங்க, இன்னொண்ணை மாத்துங்கன்னு தான் நான் எல்லாருக்கும் சொல்றது. ஏன்னா சிம் மாத்தினா முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது போகாது, மோசடிக்காரங்க நம்ம நம்பர்ல புது சிம் வாங்கி ஓடிபி எடுக்காம இருக்க வச்சிருக்குற பாதுகாப்பு அது. அந்த ஒரு நாள் பேங்க் ஓடிபி வராம நின்னா என்ன ஆகும்னு வேலை பாக்குறவங்களுக்குத் தெரியும். கார்டை அப்படியே கழட்டி புது போன்ல போட்டா இந்தப் பிரச்சனையே இல்ல. இசிம் வேலையை சனிக்கிழமை சாயங்காலம் வச்சுக்கோங்க.

அடுத்து ஆத்தென்டிகேட்டர்

கூகுள் ஆத்தென்டிகேட்டர்னா சுலபம், பழைய போன்ல டிரான்ஸ்ஃபர் அக்கவுண்ட்ஸ் போய் எக்ஸ்போர்ட் பண்ணா ஒரு க்யூஆர் வரும், புது போன்ல ஸ்கேன் பண்ணா முடிஞ்சுது. 2023ல இருந்து கூகுள் அக்கவுண்ட்லயே சிங்க் பண்ணிக்கவும் முடியும். மைக்ரோசாஃப்ட் ஆத்தென்டிகேட்டர் அப்படி இல்ல, ஆண்ட்ராய்டுல எடுத்த பேக்கப் ஐபோன்ல ரீஸ்டோர் ஆகாது, நான் மாட்டினது இதுல தான். பழைய போன் கைல இருக்கும்போதே லேப்டாப்ல உங்க ஆபீஸ் அக்கவுண்ட்டோட செக்யூரிட்டி இன்ஃபோ பக்கத்தைத் திறந்து, புது போனை இன்னொரு முறையா சேர்த்துட்டு, ஒரு தடவை வெளிய வந்து திரும்ப லாகின் பண்ணிப் பாத்து, அது ஓடுதுன்னு தெரிஞ்சப்புறம் தான் பழசை எடுக்கணும்.

யூபிஐ

ஆண்ட்ராய்டுல நம்பர் வெரிஃபை பண்ற எஸ்எம்எஸ்ஸை ஆப்பே பின்னாடி அனுப்பிடும், நமக்குத் தெரியவே தெரியாது. ஐபோன்ல அப்படி விடாது, மெசேஜ் ஸ்கிரீன் திறக்கும், அதுல ஏதோ குழப்பமான எழுத்தா இருக்கும், அதுல கை வைக்காம அப்படியே அனுப்பற பட்டனை நீங்களே அமுத்தணும். ரெண்டு நம்பர் இருந்தா மேல எந்த நம்பர்ல இருந்து போகுதுன்னு காட்டும், பேங்க் நம்பர் தானான்னு பாத்துட்டு அனுப்புங்க, நிறைய பேருக்கு வெரிஃபிகேஷன் ஃபெயில் ஆகுறது இந்த இடத்துல தான். இன்னொண்ணு, போன் மாத்தின உடனே பெரிய தொகை அனுப்ப முடியாது, சில பேங்க்ல 5,000 ரூபாய் தான் லிமிட், அதுவும் ஆண்ட்ராய்டுக்கு 24 மணி நேரம்னா ஐபோனுக்கு 72 மணி நேரம்னு வச்சிருக்காங்க. சப்ளையருக்கு பேமெண்ட் குடுக்க வேண்டிய வாரத்துல போன் மாத்தாதீங்க, இல்லன்னா முன்னாடியே அனுப்பிட்டு மாத்துங்க.

இப்ப சாமான்

பழைய போன்ல மூவ் டு ஐஓஎஸ்னு ஒரு ஆப் போடுங்க, ஆப்பிளோடது தான், ப்ளே ஸ்டோர்ல கிடைக்கும். ஐபோனை முதல் தடவை ஆன் பண்ணி செட்டப் பண்ணும்போது ஆண்ட்ராய்டுல இருந்து டேட்டா கொண்டு வரவான்னு கேக்கும், அப்ப தான் இதைப் பண்ணணும், ஐபோன்ல ஆத்தென்டிகேட்டரும் யூபிஐயும் போடுறது இது முடிஞ்சப்புறம் தான். அவசரத்துல ஸ்கிப் பண்ணிட்டு ரெண்டு நாள் யூஸ் பண்ணிட்டு அப்புறம் ஞாபகம் வந்தா ஐபோனை மொத்தமா அழிச்சு முதல்ல இருந்து வரணும். வாட்ஸ்அப் சாட்டும் இதே வழியில தான் வரும், 2022ல இருந்து இந்த வசதி இருக்கு, அதே நம்பர்ல தான் ரெண்டு பக்கமும் இருக்கணும். கூகுள் டிரைவ்ல வாட்ஸ்அப் பேக்கப் இருக்கே, அதுல இருந்து எடுத்துக்கலாம்னு நெனச்சு உக்காந்துடாதீங்க, டிரைவ் பேக்கப்பை ஐபோன் வாட்ஸ்அப் எடுத்துக்காது. ரெண்டு போனையும் சார்ஜர்ல போடுங்க, பழைய போன்ல மொபைல் டேட்டாவை ஆஃப் பண்ணுங்க, நடுவுல கால் வந்தாலும் அந்த ஆப்பை விட்டு வெளிய போகாதீங்க. ஆண்ட்ராய்டு முடிஞ்சுதுன்னு சொல்லும், ஐபோன்ல இன்னும் கோடு ஓடிட்டு இருக்கும், ஐபோன்ல முடியற வரைக்கும் ரெண்டையும் தொடாதீங்க. என் மச்சானுக்கு மூணு மணி நேரம் ஆச்சு, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டுட்டு பொறுமையா இருந்தோம்.

போன் கம்பெனியோட சொந்த நோட்ஸ் ஆப்ல எழுதி வச்சது, ரெக்கார்ட் பண்ணி வச்ச கால் இதெல்லாம் தானா வரும்னு நம்பாதீங்க, டிரைவ்ல காப்பி போட்டு வச்சுக்கோங்க. காசு குடுத்து வாங்கின ஆப் ஐபோன்ல திரும்ப வாங்கணும்.

காண்டாக்ட்ல ஒரு சின்ன செட்டிங் இருக்கு, இதைச் செஞ்சுடுங்க. கூகுள் அக்கவுண்ட்டைச் சேர்த்துட்டு செட்டிங்ஸ்ல ஆப்ஸ், அதுல காண்டாக்ட்ஸ், அதுல டிஃபால்ட் அக்கவுண்ட் ஜிமெயில்னு வைங்க. இல்லன்னா புதுசா சேர்க்குற கஸ்டமர் நம்பர் எல்லாம் ஆப்பிளோட ஐகிளவுட்ல போய் உக்காந்துக்கும், பழையது கூகுள்ல, புதுசு வேற இடத்துல. பொதுவாவே முதல் ஒரு மாசம் எல்லாத்தையும் கூகுள்லயே வச்சிருங்கன்னு சொல்வேன், ஐகிளவுட்ல இலவசம் 5 ஜிபி தான், கூகுள்ல 15 ஜிபி, அதோட திரும்பிப் போகணும்னாலும் கதவு திறந்திருக்கும்.

வேலைக்குத் தயார் பண்றது

மெயிலுக்கு ஜிமெயில் ஆப்பையே போட்டுக்கோங்க. ஐபோன்ல வர்ற மெயில் ஆப்ல ஜிமெயில் உடனுக்குடன் வராது, கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை போய் எடுத்துட்டு வரும், கஸ்டமர் விலை கேட்டு மெயில் போட்டா பதினஞ்சு நிமிஷம் கழிச்சு தான் தெரியும். ஜிமெயில் ஆப்பை டிஃபால்ட்டாவும் வச்சுக்க முடியும்.

தமிழ் அடிக்க செட்டிங்ஸ், ஜெனரல், கீபோர்டு, அங்க தமிழ் சேர்த்தா தமிழ்99 இருக்கு, அஞ்சல் இருக்கு. அம்மான்னு இங்கிலீஷ் எழுத்துல அடிச்சு தமிழ்ல வரணும்னா அஞ்சல், இல்ல கூகுளோட ஜிபோர்டு பழக்கம்னா அதையே ஐபோன்லயும் போட்டுக்கலாம். பின்னாடி போற பட்டன் இல்லையேன்னு முதல் வாரம் கை தவிக்கும், இடது ஓரத்துல இருந்து விரலை உள்ள இழுத்தா பின்னாடி போகும். ஸ்பேஸ் பாரை அமுத்திப் புடிச்சா கர்சரை வேணுங்குற எழுத்துக்கு நடுவுல கொண்டு போகலாம், ரேட்ல ஒரு சைஃபர் திருத்த இது இல்லாம இப்ப என்னால முடியாது.

டெக்ஸ்ட் ரீப்ளேஸ்மெண்ட் தான் எனக்கு இந்தப் போன் குடுத்த பெரிய லாபம். அதே கீபோர்டு செட்டிங்ஸ்குள்ள இருக்கு. ப்ளஸ் அமுத்தினா ரெண்டு கட்டம் வரும், மேல முழு வாசகம், கீழ சுருக்கம். மேல எங்க ஜிஎஸ்டி நம்பர், கீழ இங்கிலீஷ்ல ஜி எழுத்து ரெண்டு தடவை. இப்ப வாட்ஸ்அப்ல ரெண்டு ஜி அடிச்சு ஸ்பேஸ் தட்டினா பதினஞ்சு எழுத்து நம்பரும் தப்பில்லாம வந்து நிக்கும். இதே மாதிரி பேங்க் அக்கவுண்ட் விவரம், குடோன் அட்ரஸ், "ஆர்டர் கிடைச்சுதுங்கண்ணா, நாளைக்கு லாரி சர்வீஸ்ல போட்டுட்டு எல்ஆர் காப்பி அனுப்புறேன்"ங்குற வரி (எல்ஆர்னா லாரி ரசீது), இதெல்லாம் வச்சிருக்கேன், ஒரு நாளைக்கு நாப்பது தடவை அடிக்கிறது இப்ப ரெண்டெழுத்து. சும்மா பேசும்போது வர்ற வார்த்தையைச் சுருக்கமா வைக்காதீங்க, வீட்டுல பேசும்போது நடுவுல வந்து குதிக்கும்.

அடுத்தது பில். பெட்ரோல் பங்க் பில், டோல் ரசீது எல்லாம் சூடு பட்டு பிரிண்ட் ஆகுற பேப்பர், ரெண்டு மாசத்துல வெளுத்துடும், அக்கவுண்ட்ஸ்ல குடுக்கும்போது வெள்ளைத் தாள் தான் இருக்கும். ஃபைல்ஸ் ஆப்ல மூணு புள்ளியைத் தட்டி ஸ்கேன் டாக்குமெண்ட்ஸ் போங்க. பில்லை கார் சீட் மேல இல்லாம கருப்பா ஏதாவது மேல வைங்க, நான் பேக்கோட ஃப்ளாப் மேல வைப்பேன், போனை நேரா மேல புடிச்சா பில்லைச் சுத்தி ஒரு கலர் கட்டம் விழும், கை ஆடாம இருந்தா தானா எடுத்துக்கும். அடுத்த பில்லை வைங்க, அதையும் எடுக்கும், எல்லாம் சேர்ந்து ஒரே பிடிஎஃப்பா சேவ் ஆகும். மங்கலான பில்லுக்கு கருப்பு வெள்ளை ஃபில்டர் போட்டா எழுத்து தூக்கி நிக்கும். மாசத்துக்கு ஒரு ஃபோல்டர் போட்டு வச்சுக்கிட்டா கடைசி நாள் தேட வேண்டியதில்ல. தனி ஆப் எதுவும் வாங்க வேண்டாம்.

ஃபைல்ஸ் ஆப்ல ஆன் மை ஐபோன்னு ஒரு இடம், ஐகிளவுட் டிரைவ்னு ஒரு இடம் இருக்கும், டவுன்லோட் பண்ணது காணோம்னு சொல்றவங்க ஒண்ணுல போட்டுட்டு இன்னொண்ணுல தேடிட்டு இருப்பாங்க. போட்டோ எச்இஐசி ஃபார்மட்ல விழும், சில வெப்சைட் அதை ஏத்துக்காது, செட்டிங்ஸ்ல கேமரா, ஃபார்மட்ஸ், மோஸ்ட் கம்பேட்டிபிள் வச்சுட்டா ஜேபிஜி தான். விண்டோஸ் லேப்டாப்ல கேபிள் போட்டா போட்டோ மட்டும் தான் தெரியும், ஆண்ட்ராய்டு மாதிரி எல்லா ஃபோல்டரும் தெரியாது. ஃபைல் மாத்த நான் லோக்கல்சென்ட்னு ஒரு ஆப் யூஸ் பண்றேன், ஒரே வைஃபைல இருந்தா போதும், இலவசம்.

ஃபோகஸை மறக்காதீங்க, நாம விட்ட ஆளும் ஆப்பும் தவிர மத்த சத்தத்தை அடக்கி வைக்கிற செட்டிங் அது. வொர்க்னு ஒண்ணு போட்டு காலைல பத்துல இருந்து ஆறு வரைக்கும் வச்சு, வீட்டு ஆளுங்க, முக்கியமான கஸ்டமர், வாட்ஸ்அப், ஜிமெயில், யூபிஐ ஆப் மட்டும் விட்டிருக்கேன். மத்தவங்க அவசரம்னா என்ன பண்றதுன்னு கேப்பாங்க, ரிப்பீட்டட் கால்ஸ் ஆன்ல இருந்தா மூணு நிமிஷத்துக்குள்ள அதே ஆள் ரெண்டாவது தடவை கூப்பிட்டா சத்தம் வரும். அம்மாவுக்கு இதைச் சொல்லி வச்சிருக்கேன். கால் ரெக்கார்டிங் ஐஓஎஸ் 18.1ல இருந்து இருக்கு, ஆனா ரெக்கார்ட் ஆகுதுன்னு ரெண்டு பக்கமும் குரல் கேக்கும், அதனால ஆர்டர் எடுக்கும்போது "அண்ணா, அளவு தப்பாகாம இருக்க பதிவு பண்ணிக்கிறேன்"னு சொல்லிட்டே போடுறேன், யாரும் தப்பா எடுத்துக்கல.

பழைய போன்

பதினஞ்சாவது நாள் பழைய போனை எடுத்து வச்சு ஒவ்வொரு ஆப்பா திறந்து பாருங்க, அதுல இருக்குறது ஐபோன்ல இருக்கான்னு. ஐபோன்ல யூபிஐ ஓடுதா, ஆபீஸ் மெயில் வெளிய வந்து திரும்ப உள்ள போகுதா, வாட்ஸ்அப்ல போன வருஷ ஆர்டர் ஒண்ணு தேடினா கிடைக்குதா, ஐபோன்ல ஐகிளவுட் பேக்கப் ஒரு தடவை போயிருக்கா. நாலும் சரியா இருந்தா கூகுள் அக்கவுண்ட்டை பழைய போன்ல இருந்து எடுத்துட்டு, மெமரி கார்டைக் கழட்டிட்டு, செட்டிங்ஸ் வழியா ஃபேக்டரி ரீசெட் பண்ணிட்டு கடைக்குக் கொண்டு போங்க.