ஜிப்சம் வாங்கும் முன் ஒரு மண்கட்டியும் ஒரு தம்ளர் மழைநீரும்

களர் மண்ணைத் திருத்தப் போடும் ஜிப்சம் மூட்டைக்குச் சொல்லிவிடும் முன், காய்ந்த வயலிலிருந்து சுண்டைக்காய் அளவு மண்கட்டி ஒன்றை எடுத்துக் கண்ணாடித் தம்ளரில் உள்ள மழைநீரில் மெதுவாக விடுங்கள். கலக்கக் கூடாது, தம்ளரை அசைக்கவும் வேண்டாம். சில மணி நேரம் கழித்துக் கட்டியைச் சுற்றிப் பால் விட்ட மாதிரி கலங்கல் படர்ந்தால், மண்ணில் களர்த்தன்மை, அதாவது சோடியம் மிகுதி, இருக்க வாய்ப்பு அதிகம். கட்டி பொலபொலவென்று உதிர்ந்தும் தண்ணீர் தெளிவாகவே நின்றால், சரி, மூட்டைக்கு அவசரமில்லை.

சோடியம் மிகுந்த மண்ணில் களித் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரிந்து நீரில் மிதக்கும். ஜிப்சத்தில் உள்ள கால்சியம் அந்தச் சோடியத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கும் என்பதால் சித்திரை, வைகாசியிலேயே பார்த்துவிடுங்கள். தண்ணீர் வந்து சேறடித்த மண் என்றால் நல்ல மண்ணும் கலங்கிக் காட்டும்.

போர் தண்ணீர் வேண்டாம், அதிலுள்ள உப்பு கலங்கலை அமுக்கிவிடும். இதே காரணத்தால் வேதாரண்யம் பக்கத்து உவர் நிலங்களில் இந்தச் சோதனை ஏமாற்றும். மணற்பாங்கான நிலத்துக்கும் உதவாது. அப்புறம், ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்பதற்கு மண் பரிசோதனை நிலையம்தான்.