வீட்டுக் கொம்பியூட்டரில கிடக்கிற அன்ரிவைரஸை நம்பலாமோ? வடிவாச் செக் பண்ணிப் பாக்கிற வழி

அன்ரிவைரஸ் எண்டு கதை வந்தா எல்லாரும் முதல் கேக்கிறது எது நல்லம், எது பிறீ எண்டுதான். அதுக்கு முதல் கேக்கவேண்டிய கேள்வி ஒண்டு இருக்கு, இது என்ர மெசினில என்னத்தைப் பாக்குது, பாத்ததை ஆருக்கு அனுப்புது எண்டு. ஏனெண்டா கொம்பியூட்டரில போடுற சொவ்ட்வெயாருகளுக்குள்ள ஆகக்கூடின அதிகாரம் உள்ளது இதுதான். நீங்கள் திறக்கிற பைலை உங்களுக்கு முதல் அது திறந்து பாக்கும், நீங்கள் போற வெப்சைற்றின்ர அட்ரஸைப் பாக்கும், விண்டோஸின்ர அடிமட்டத்தில நிண்டு வேலை செய்யும், லேசில நிப்பாட்டவும் விடாது. அப்பிடி இருந்தாத்தான் வைரஸைப் பிடிக்க ஏலும், அதில பிழை சொல்ல ஒண்டுமில்லை, ஆனா அவ்வளவு இடம் குடுக்கிறது ஆருக்கு எண்டு தெரிஞ்சு குடுக்கவேணும்.

எங்கட வீட்டு மெசினுகளில என்ன கிடக்கு எண்டு ஒருக்கா யோசிச்சுப் பாருங்கோ. காணி உறுதி ஸ்கான் பண்ணினது, அடையாள அட்டையின்ர ரெண்டு பக்கமும், கனடாவுக்கோ லண்டனுக்கோ ஸ்பொன்சருக்கு அனுப்பின பாஸ்போர்ட் கொப்பியள், பாங்க் ஸ்ரேற்மென்ற், பிள்ளையின்ர ஓஎல் சேர்டிபிக்கேற், அம்மாவின்ர கிளினிக் றிப்போட். எல்லாம் டெஸ்க்ரொப்பிலயே பரவிக் கிடக்கும். "எங்களிட்ட என்ன இருக்கு களவெடுக்க" எண்டு சொல்லுறவை இதை ஒருக்கா எண்ணிப் பாத்தா அந்தக் கதையை விட்டிடுவினம்.

இது சும்மா பயமுறுத்திற கதையுமில்லை. அவாஸ்ற் எங்கட ஊரில கனபேர் போட்டிருக்கிற பிறீ அன்ரிவைரஸ். அந்தக் கொம்பனி தன்ர அன்ரிவைரஸுக்குள்ளாலையும் பிறவுசர் எக்ஸ்ரென்சனுக்குள்ளாலையும் (பிறவுசரில ஒட்டிப் போடுற சின்ன சொவ்ட்வெயார்) சனம் எந்தெந்த வெப்சைற்றுக்குப் போகுது எண்டதைச் சேர்த்து, ஜம்ப்சொட் எண்ட தன்ர துணைக் கொம்பனியால 2014இல இருந்து நூறுக்கு மேலான ஆக்களுக்கு வித்திருக்கு. 2020 ஜனவரியில பத்திரிகைக்காரர் இதை வெளிய கொண்டுவந்த உடனதான் ஜம்ப்சொட்டை மூடினவை. 2024 பெப்ரவரியில அமெரிக்காவின்ர பெடரல் வர்த்தக ஆணைக்குழு 1 கோடி 65 லட்சம் டொலர் கட்டச் சொல்லி, இனி அந்த மாதிரித் தரவை விளம்பரத்துக்கு விக்கக்கூடாது எண்டும் போட்டுது. ஜம்ப்சொட்டிட்ட சேர்ந்து கிடந்தது 8 பெற்றாபைற்றுக்கு மேல, அதாவது 1 ரெறாபைற் ஹார்ட்டிஸ்க் எண்ணாயிரத்துக்கு மேல தேவைப்படும். பேரை எடுத்துப்போட்டுத்தான் குடுத்தனாங்கள் எண்டு கொம்பனி சொன்னது. ஆனா ஒவ்வொரு மெசினுக்கும் ஒரு அடையாள நம்பரும், போன நேரமும், போன முழு அட்ரஸும் அதுக்குள்ள இருந்தா ஆள் ஆரெண்டு பிடிக்கிறது பெரிய வேலையில்லை. களவைத் தடுக்க எண்டு போட்டவனே வித்திருக்கிறான் எண்டதுதான் எனக்கு இதில ஆறாத விசயம். ஏவிஜியை 2016இலயே அவாஸ்ற் வேண்டிட்டுது, இப்ப அவாஸ்ற், ஏவிஜி, நோட்டன், அவிறா எல்லாம் ஜென் டிஜிற்றல் எண்ட ஒரே கொம்பனியின்ர கையில, அதால "அவாஸ்ற் சரியில்லை, ஏவிஜி போடுவம்" எண்டு மாத்திறதில பெரிய அர்த்தமில்லை.

கஸ்பர்ஸ்கியின்ர கதை வேற மாதிரி. வைரஸ் பிடிக்கிறதில அது கெட்டிக்காரன், அதில எனக்குச் சந்தேகமில்லை. றஷ்யக் கொம்பனி எண்டபடியா 2017இல அமெரிக்க அரசாங்கத் திணைக்களங்களில இருந்து எடுக்கச் சொன்னவை, 2022 மார்ச்சில ஜேர்மன்காரர் எச்சரிக்கை விட்டவை, 2024இல அமெரிக்காவில விக்கிறதையே தடை செய்தவை. கொம்பனி எல்லாத்தையும் மறுத்தது. இலங்கையில அந்தத் தடை இல்லை. ஆனா அங்க நடந்த ஒண்டைக் கவனியுங்கோ: 2024 செப்ரெம்பரில அமெரிக்காவில கஸ்பர்ஸ்கி வச்சிருந்த கனபேரின்ர மெசினில அது தானா அழிஞ்சு அல்ட்றாஏவி எண்ட வேறொண்டு வந்து குந்தியிருந்தது, ஓம் எண்டு ஒருக்கா அமத்தக்கூட இல்லை. ஒரு அன்ரிவைரஸுக்கு எவ்வளவு அதிகாரம் இருக்கு எண்டு விளங்க இதைவிட வேற உதாரணம் தேவையில்லை.

என்ர முடிவை முதலே சொல்லிவிடுறன். விண்டோஸ் 10, 11 வச்சிருக்கிற சாதாரண வீட்டுக்கு விண்டோஸோடயே வாற டிபென்டர் காணும். மைக்றோசொப்ற் மட்டும் தங்கமோ எண்டு கேப்பியள், இல்லைத்தான், அவையும் தகவல் எடுக்கினம். ஆனா விண்டோஸே அவையின்ர எண்டபடியா அவையை நம்பித்தான் மெசினே ஓடுது, வெளியில இருந்து இன்னொரு அன்ரிவைரஸைப் போட்டா நம்பவேண்டிய ஆக்கள் ஒண்டில இருந்து ரெண்டாகுது, அவ்வளவுதான் கணக்கு. விண்டோஸ் 10க்கு 2025 ஒக்ரோபர் 14ஓட சாதாரண அப்டேற் நிண்டிட்டுது எண்டதையும் மறக்காதேங்கோ, ஓட்டையள் அடைபடாத விண்டோஸில எந்த அன்ரிவைரஸைப் போட்டும் அரைகுறைப் பாதுகாப்புத்தான். மெசின் தாங்குமெண்டா 11க்கு மாறுங்கோ.

இனி வேலைக்கு வருவம். முதல் வேலை, என்ன கிடக்கு எண்டு பாக்கிறது. ஸ்ராட்டில "விண்டோஸ் செக்கியூரிற்றி" எண்டு அடிச்சுத் திறந்து "வைரஸ் அன்ட் திறெற் புறொரெக்சன்" எண்டதுக்குள்ள போங்கோ. வெளி அன்ரிவைரஸ் ஏதன் ஓடினா அதின்ர பேர் அங்க நிக்கும். கனடாவில இருந்து சொந்தக்காரர் கொண்டுவந்து குடுக்கிற லப்டொப்புகளில அநேகமா மக்கஃபியோ நோட்டனோ ரயல் முடிஞ்சு கிடக்கும், அப்டேற்றும் எடுக்காது, காசு கட்டு காசு கட்டு எண்டு பெட்டி மட்டும் வரும். அதைக் கழட்டுங்கோ.

எல்லாப் பெட்டியும் அன்ரிவைரஸில இருந்து வாறதுமில்லை. கோண்டாவிலில சித்தி வீட்டை போனநேரம் அவ கேட்டா, "தம்பி, உது ஒவ்வொரு நாளும் சிவப்பா வந்து அஞ்சு வைரஸ் இருக்கு காசைக் கட்டு எண்டுது, கட்டாட்டி பிள்ளையின்ர படமெல்லாம் அழிஞ்சுபோமோ?" வலப்பக்கம் கீழ் மூலையில மக்கஃபி லோகோவோட பெட்டி, ஆனா பெட்டியின்ர மேல் ஓரத்தில சின்னனா குறோம் எண்டும், அதோட வாயில நுழையாத ஒரு வெப்சைற்றின்ர பேரும். அவவின்ர லப்டொப்பில மக்கஃபியே இல்லை. "உது அன்ரிவைரஸ் இல்லைச் சித்தி, ஏதோ சைற்றில அலோ எண்டு அமத்தியிருக்கிறியள், அதுதான் அனுப்புது" எண்டுபோட்டு குறோம் செற்றிங்ஸில பிறைவசி அன்ட் செக்கியூரிற்றி, சைற் செற்றிங்ஸ், நொற்றிபிக்கேசன்ஸ் எண்டு போய் தெரியாத சைற் எல்லாத்தையும் றிமூவ் பண்ண அது நிண்டிட்டுது. உங்கட வீட்டிலயும் உப்பிடிப் பெட்டி வந்தா அதை அமத்தாதேங்கோ, அதில வாற நம்பருக்கு எடுக்காதேங்கோ, கார்ட் நம்பரை ஒருநாளும் அடிக்காதேங்கோ.

கழட்டிறது எப்பிடியெண்டா, செற்றிங்ஸில அப்ஸுக்குள்ள போய் அன்இன்ஸ்ரோல் குடுத்து றீஸ்ராட் பண்ணுங்கோ. சிலது மிச்சம் மீதி விட்டுட்டுப் போகும், அதுக்கு அந்தந்தக் கொம்பனியே கழட்டிறதுக்கெண்டு ஒரு சின்ன சொவ்ட்வெயார் வச்சிருக்கு, அவாஸ்ற்றுக்கு அவாஸ்ற் கிளியர், மக்கஃபிக்கு எம்சிபிஆர். கொம்பனியின்ர சொந்த சைற்றில இருந்து மட்டும் எடுங்கோ. பிறவுசரில போட்டுவிட்ட எக்ஸ்ரென்சன் தனியாக் கிடக்கும், அதையும் பாத்து எடுங்கோ, அவாஸ்ற் விசயத்தில தகவல் போன வழியளில அதுவும் ஒண்டு. எல்லாம் முடிய டிபென்டர் தானா ஒன் ஆகும், பச்சை ரிக் வந்திருக்கோ எண்டு திரும்பப் பாருங்கோ.

இப்ப டிபென்டரின்ர செற்றிங்ஸ். முதல் திறந்த "வைரஸ் அன்ட் திறெற் புறொரெக்சன்" பக்கத்தில "மனேஜ் செற்றிங்ஸ்" அமத்துங்கோ. றியல் ரைம், கிளவுட் புறொரெக்சன், ராம்பர் புறொரெக்சன் மூண்டும் ஒன்னிலயே இருக்கட்டும். "ஓட்டோமற்றிக் சாம்பிள் சப்மிசன்" எண்டதுதான் யோசிக்கவேண்டியது. சந்தேகமான பைலை மைக்றோசொப்ற்றுக்கு அனுப்பிற வேலை அது. சொந்தத் தகவல் இருக்கும்போல இருந்தா கேட்டுப்போட்டுத்தான் அனுப்புவம் எண்டு அங்க எழுதியிருக்கு. உறுதியும் பாஸ்போர்ட்டும் வச்சிருக்கிற மெசின் எண்டா நான் அதை ஓவ் பண்ணச் சொல்லுவன், மஞ்சள் அடையாளம் ஒண்டு வரும், டிஸ்மிஸ் குடுத்தாச் சரி. கிளவுட்டை மட்டும் நிப்பாட்டாதேங்கோ, புது வைரஸைப் பிடிக்கிறதில பாதி வேலை அதிலதான் நடக்குது. பிறகு விண்டோஸ் செற்றிங்ஸில டயக்னோஸ்ரிக்ஸ் அன்ட் பீட்பாக்குக்குள்ள போய் ஒப்சனல் டேற்றா அனுப்பிறதை ஓவ் பண்ணுங்கோ.

டிபென்டரின்ர அந்த "மனேஜ் செற்றிங்ஸ்" பக்கத்தில கீழ "எக்ஸ்குளூசன்ஸ்" எண்டு ஒண்டு இருக்கும், தயவுசெய்து இதைப் பாக்காமல் விடாதேங்கோ. அதுக்குள்ள இருக்கிற இடத்தை டிபென்டர் எட்டியும் பாக்காது. எங்கட பக்கம் கடையில குடுத்து விண்டோஸ் போட்டா அநேகமா கிறாக் பண்ணினதுதான், அதாவது காசு கட்டாமல் பூட்டை உடைச்சதுதான், ஒபிஸும் அப்பிடித்தான், போட்டோசொப்பும் அப்பிடித்தான், கிறாக் ஓட டிபென்டர் மறிக்கும், அதால போடுறவர் டிபென்டரை ஓவ் பண்ணுவார் இல்லாட்டி சி டிறைவ் முழுக்க எக்ஸ்குளூசனில போட்டுவிடுவார், எக்ஸ்குளூசனில போட்டா பச்சை ரிக் வடிவா நிக்கும் ஆனா ஒண்டையும் பிடிக்காது. கிறாக்குக்குள்ள சேத்து வாறது பிறவுசரில சேவ் பண்ணின பாஸ்வேர்ட்டை அள்ளுற சாமானா இருந்தா பேஸ்புக், ஜிமெயில், பாங்க் எல்லாம் ஒரே நாளில போகும். அன்ரிவைரஸ் கொம்பனி எடுக்கிறதைப் பற்றிக் கவலைப்படுறதுக்கு முதல் இதைப் பற்றித்தான் எங்கட சனம் கவலைப்படவேணும் எண்டது என்ர உறுதியான எண்ணம். எக்ஸ்குளூசன் ஏதன் கிடந்தா எடுத்துப்போட்டு புல் ஸ்கான் ஒண்டு குடுங்கோ, அதுக்குப்பிறகு "ஓவ்லைன் ஸ்கான்" எண்டதையும் ஓடவிடுங்கோ. கிறாக் பண்ணின அன்ரிவைரஸ் எண்டும் கடையளில போட்டுக் குடுக்கினம், அதைப்போல மோசமான சாமான் வேற இல்லை. ஒபிஸுக்குப் பதிலா லிப்றேஒபிஸ் காசில்லாமல் கிடைக்குது, பிள்ளையளின்ர பள்ளிக்கூட வேலைக்கு அது தாராளமாப் போதும்.

இல்லை, காசு குடுத்து வேண்டின அன்ரிவைரஸைத்தான் வச்சிருப்பன் எண்டா அதுவும் சரி, ஆனா அதின்ர செற்றிங்ஸில பிறைவசி எண்ட பக்கத்தைத் தேடுங்கோ. மூண்டாம் ஆளோட பகிர்றது, அனலிற்றிக்ஸ், விளம்பரம் எண்டு என்ன ரிக் கிடந்தாலும் எடுங்கோ. அதோட எச்ரிரிபிஎஸ் ஸ்கானிங் எண்ட ஒண்டு இருக்கு, வெப்சைற்றோட பூட்டிப் போற தொடர்பை இடையில திறந்து பாக்கிறது, அதை நேர கண்ணால பாக்க வழி இருக்கு: குறோமில உங்கட பாங்கின்ர சைற்றைத் திறந்து, அட்ரஸுக்கு இடப்பக்கம் இருக்கிற சின்ன அடையாளத்தை அமத்தி, "கனெக்சன் இஸ் செக்கியூர்", பிறகு "சேர்டிபிக்கேற் இஸ் வலிட்" எண்டு போங்கோ. "இஸ்ஸூட் பை" எண்ட இடத்தில டிஜிசேர்ட் போல சேர்டிபிக்கேற் குடுக்கிற கொம்பனியின்ர பேர் நிக்கவேணும். அதில "அவாஸ்ற் வெப் மெயில் சீல்ட் றூட்" எண்டோ கஸ்பர்ஸ்கி எண்டோ நிண்டா, உங்களுக்கும் பாங்குக்கும் நடுவில அன்ரிவைரஸ் நிண்டு பூட்டைத் திறந்து வாசிச்சுப்போட்டுத் திரும்பப் பூட்டுது எண்டு அர்த்தம். வைரஸ் தேடத்தான் அப்பிடிச் செய்யுது, ஆனாலும் இடையில ஒரு ஆள்தான். கஸ்பர்ஸ்கி இப்பிடி நடுவில நிண்டு ஒவ்வொரு வெப் பக்கத்துக்குள்ளயும் அந்த மெசினுக்கெண்டு ஒரு தனி நம்பரைச் செருகினதை 2019இல ஜேர்மன் சஞ்சிகை ஒண்டு கண்டுபிடிச்சுச் சொன்ன பிறகுதான் கொம்பனி திருத்தினது. நான் அந்த ஸ்கானிங்கை ஓவ் பண்ணித்தான் விடுவன்.

இன்னொண்டு, வைரஸ்ரோட்டல். சந்தேகமான பைலை ஏத்தினா கனக்க அன்ரிவைரஸ் ஒரேயடியாச் செக் பண்ணும், கூகிளின்ர சேவை, நல்ல சாமான். டவுன்லோட் பண்ணின செற்றப் பைலுக்குப் பாவியுங்கோ. ஆனா மெயிலில வந்த விசாக் கடிதம், பாங்க் பிடிஎவ் எண்டு சொந்தப் பைலை ஏத்தாதேங்கோ, அங்க ஏத்திறது உங்களுக்கும் அதுக்கும் இடையிலயே நிக்காது, காசு கட்டிப் பாவிக்கிற ஆய்வுக் கொம்பனியளால எடுத்துப் பாக்க ஏலும்.

உறுதி, பாஸ்போர்ட், சேர்டிபிக்கேற் எல்லாத்தையும் ஒரு போல்டருக்குள்ள போட்டு செவன்சிப் எண்ட சொவ்ட்வெயாரால நல்ல நீளமான பாஸ்வேர்ட்டோட பூட்டுங்கோ, செவன்சிப் காசில்லாதது. பூட்டின பைலுக்குள்ள எந்த அன்ரிவைரஸும் பாக்க ஏலாது. திறந்து பாத்துப்போட்டு வெளிய எடுத்த கொப்பியை அழிக்கவேணும், இல்லாட்டிப் பூட்டினதில பிரியோசனமில்லை. அதின்ர ஒரு கொப்பியை வெளி ஹார்ட்டிஸ்க்கில போட்டு அலுமாரிக்குள்ள வையுங்கோ, பாஸ்வேர்ட்டை ஒரு பேப்பரில எழுதி வேற இடத்தில வையுங்கோ.

பென்ரைவுகளையும் சொல்லவேணும். பரமேஸ்வராச் சந்தியடியில பிறின்ற் எடுக்கக் குடுத்த பென்ரைவைத் திருப்பிக் கொண்டுவந்து குத்தினா உடன திறக்காமல் றைற் கிளிக் பண்ணி ஸ்கான் வித் டிபென்டர் குடுங்கோ, போல்டரெல்லாம் சோட்கட்டா மாறிக் கிடந்தா ஒண்டையும் அமத்தாதேங்கோ. பிறின்ற் எடுக்கிற பைலை மட்டும் போட்டுக்கொண்டு போறதுக்கெண்டு ஒரு பழைய சின்ன பென்ரைவை ஒதுக்கி வச்சா நல்லம். வட்ஸ்அப்பில அடையாள அட்டையை அனுப்பி பிறின்ற் எடுத்தா, அங்க நிண்டபடியே "தம்பி, அந்தப் படத்தையும் டவுன்லோட்ஸில இருக்கிறதையும் அழிச்சுவிடுங்கோ" எண்டு கேளுங்கோ, கேட்டா அழிச்சுத்தான் விடுவினம். திருத்தக் குடுத்த மெசின் வீட்டை வந்தா எனிடெஸ்க், ரீம்வியூவர் போல தூர இருந்து மெசினை இயக்கிற சாமான் ஏதன் புதுசாப் போட்டிருக்கோ எண்டும், எக்ஸ்குளூசனில ஏதன் புதுசா நிக்குதோ எண்டும் அண்டைக்கே திறந்து பாருங்கோ.