ஓவியர்களுக்கான வடிவமைப்பு மென்பொருளும் அச்சுப்பொறியும்: வாங்கும் முன் மதிப்பிடுவது எப்படி?

முதலில் மென்பொருள், அடுத்து வரைபலகையும் திரையும், கடைசியில் கையில் மிஞ்சிய பணத்துக்கு ஓர் அச்சுப்பொறி என்பதுதான் பெரும்பாலான ஓவியர்கள் வாங்கும் வரிசை. மதிப்பிடும்போது இந்த வரிசையைத் தலைகீழாக்கிக்கொள்வது நல்லது. படத்தை வாங்குபவர் கையில் எடுத்துப் பார்க்கப்போகும் தாள் எது என்பது முடிவானால், அந்தத் தாளில் அச்சிடக்கூடிய கருவி எது என்பது தெரிந்துவிடும். அந்தக் கருவியால் எந்த வண்ணங்களைத் தர முடியும் என்பது தெரிந்த பிறகுதான் திரையிடமும் மென்பொருளிடமும் எதை எதிர்பார்க்க வேண்டும் என்பதைச் சொல்ல முடியும்.

ஆகவே எந்த விளம்பரக் குறிப்பையும் படிப்பதற்கு முன், நான்கு விவரங்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: நீங்கள் விற்க நினைக்கும் மிகப்பெரிய அளவு, தாளின் தன்மை, படம் எத்தனை ஆண்டுகள் நிறம் மங்காமல் இருக்க வேண்டும், மாதத்துக்கு எத்தனை படிகள் அச்சிடுவீர்கள். இவற்றில் முதல் மூன்றைப் பற்றி எல்லோரும் யோசிக்கிறார்கள். நான்காவதுதான் முடிவை மாற்றக்கூடியது. மையை நுண்துளிகளாகத் தெளித்து அச்சிடும் இங்க்ஜெட் அச்சுப்பொறி தொடர்ந்து இயங்கினால்தான் நலமாக இருக்கும். வாரக்கணக்கில் சும்மா கிடந்தால் அச்சுத்தலையின் நுண்துளைகளில் மை காய்ந்து அடைத்துக்கொள்ளும். அடைப்பை நீக்கக் கருவி தன்னைத் தானே கழுவிக்கொள்ளும்போது, விலை கொடுத்து வாங்கிய மை கழிவுத் தொட்டிக்குள் போகும். மாதம் ஓரிரு படங்கள் மட்டும் அச்சிடுபவர்கள் நல்ல அச்சகம் ஒன்றைத் தேடிப்பிடிப்பதே மேல் என்பது என் கருத்து. அவர்களும் தொடர்ந்து படிக்கலாம், ஏனெனில் அச்சகத்திடம் கேட்க வேண்டிய கேள்விகளும் ஏறக்குறைய இவையே.

அச்சுப்பொறியை அளப்பது

அளவைப் பொறுத்தவரை ஓவியர்கள் வாங்கும் இங்க்ஜெட் கருவிகள் பெரும்பாலும் மூன்று படிகளில் கிடைக்கின்றன. 13 அங்குல அகலமுள்ளவை ஏ3-ஐ விடச் சற்றுப் பெரிய தாள் வரையிலும், 17 அங்குல அகலமுள்ளவை ஏ2 வரையிலும், 24 அங்குலக் கருவிகள் ஏ1 வரையிலும் அச்சிடும். பெரியதை வாங்கினால் சிறியதையும் அச்சிடலாம் என்பது உண்மைதான். ஆனால் கருவி பெரிதாகும்போது அதன் எடையும், இடத் தேவையும், முதன்முறை குழாய்களை நிரப்புவதற்குச் செலவாகும் மையும் பெரும்பாலும் கூடும்.

மையின் வகை அடுத்தது. சாய மை தாளுக்குள் ஊறி நிற்கிறது. பளபளப்பான தாளில் துடிப்பான நிறம் தருகிறது. ஆனால் வெளிச்சமும் காற்றிலுள்ள ஓசோனும் அதை விரைவில் மங்கச் செய்கின்றன. நிறமி மையில் நுண்துகள்கள் தாளின் மேற்பரப்பை ஒட்டியே தங்குவதால் ஒளியைக் கூடுதல் காலம் தாங்கும். பருத்திக்கூழ்த் தாள் போன்ற பளபளப்பற்ற ஓவியத் தாள்களுக்கும் நன்றாகப் பொருந்தும். கலைப்படைப்பாக விற்பதென்றால் நிறமி மையைத் தேர்ந்தெடுங்கள். வாழ்த்து அட்டை, ஒட்டி, பயிற்சிப் படி போன்றவற்றுக்குப் பெரிய தொட்டியில் மை ஊற்றிக்கொள்ளும் சாய மைக் கருவி சிக்கனமானது. நிலைப்புத்தன்மை குறித்து வில்ஹெல்ம் இமேஜிங் ரிசர்ச் போன்ற ஆய்வகங்கள் தரும் ஆண்டுக் கணக்கு, குறிப்பிட்ட ஒரு மையும் குறிப்பிட்ட ஒரு தாளும் சேர்ந்த இணைக்கு மட்டுமே உரியது. கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்ததா, திறந்தபடி வைத்ததா என்பதைப் பொறுத்தும் அது மாறும். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருக்கும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், நீங்கள் பயன்படுத்தப்போகும் தாளுக்கான எண்ணைத் தேடுங்கள்.

மைகளின் எண்ணிக்கைக்கு இரண்டு பயன்கள் உண்டு. சாம்பல் நிற மைகள் கூடுதலாக இருந்தால் வெளிர் பகுதிகளில் புள்ளிகள் கண்ணுக்குத் தெரியா. கறுப்பு வெள்ளைப் படத்தில் பச்சையோ சிவப்போ சாயல் ஏறாது. ஊதா, சிவப்பு, நீலம் போன்ற கூடுதல் மைகள் நிற எல்லையை விரிக்கின்றன. எப்சன் ஷூர்கலர் பி900 பத்து மைகளுடனும், கேனன் இமேஜ்புரோகிராஃப் புரோ-1000 பதினொரு நிறங்களோடு ஒரு மேற்பூச்சுத் திரவமும் சேர்ந்த பன்னிரண்டு கார்ட்ரிட்ஜ்களுடனும் வருவது இதனால்தான். பளபளப்புத் தாளுக்கும் பளபளப்பற்ற மேட் தாளுக்கும் வெவ்வேறு கறுப்பு மைகள் உள்ளன. பழைய மாதிரிகள் சிலவற்றில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் ஒவ்வொரு முறையும் குழாயிலுள்ள மை வீணாகும். இரண்டு வகைத் தாளையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துபவர்கள், குறிப்பாகப் பழைய கருவியை வாங்குபவர்கள், இதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதே நேரத்தில் அங்குலத்துக்கு 5760×1440 புள்ளிகள் என்பது போன்ற எண்களுக்கு மயங்க வேண்டாம். அவை மைத்துளிகள் எவ்வளவு நெருக்கமாக விழும் என்பதைச் சொல்கின்றனவே தவிர, உங்கள் படத்துக்கு அவ்வளவு பிக்சல் வேண்டும் என்பதையோ அவ்வளவு நுணுக்கம் தாளில் தெரியும் என்பதையோ சொல்வதில்லை. கையில் வைத்துப் பார்க்கும் படத்துக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் போதும். சில அடி தள்ளி நின்று பார்க்கும் பெரிய படத்துக்கு 150 முதல் 200 வரை இருந்தாலே கண் குறை சொல்லாது.

உண்மையான மதிப்பீடு உங்கள் சொந்தக் கோப்பை அச்சிட்டுப் பார்ப்பதில்தான் இருக்கிறது. கடைக்காரர் காட்டும் மாதிரிப் படம் அந்தக் கருவிக்கு எது எளிதோ அதையே காட்டும். சூரியகாந்தித் தோட்டமும் சிரிக்கும் குழந்தையும் எந்தக் கருவியிலும் அழகாகத்தான் இருக்கும். எனவே ஒரு சோதனைக் கோப்பை நீங்களே தயாரித்துக்கொள்ளுங்கள். கறுப்பிலிருந்து வெள்ளைக்குப் படிப்படியாகப் போகும் சாம்பல் பட்டை, ஆழ்ந்த நீலத்திலிருந்து ஊதாவுக்கு மாறும் பரப்பு, அடர்ந்த நிழலுக்குள் நுணுக்கம் உள்ள ஒரு பகுதி, மனிதத் தோல், ஒரே நிறம் பூசிய பெரிய சதுரம், தலைமுடி போன்ற மெல்லிய கோடுகள், சிறிய எழுத்து ஆகிய யாவும் உங்கள் ஓவியங்களிலிருந்தே வெட்டியெடுத்தவையாக அதில் இருக்கட்டும். ஒரே நிறச் சதுரத்தில் கிடைமட்டக் கோடுகள் தெரிந்தால் தாள் நகர்த்தலிலோ மைத்துளைகளிலோ குறை உள்ளது. சாம்பல் பட்டையின் நடுவில் நிறச்சாயல் தெரிந்தால் அந்தத் தாளுக்கான வண்ணப் புரொஃபைல் (அதில் நிறங்கள் எப்படி வரும் என்பதைக் கணினிக்குச் சொல்லும் கோப்பு) சரியில்லை அல்லது தவறாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது.

அச்சிட்டவுடன் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். ஒரு நாள் காயவிட்டு, பகல் வெளிச்சத்திலும் வீட்டு விளக்கிலும் மாறி மாறிப் பாருங்கள். பகலில் பொருந்தி நின்ற சாம்பல் விளக்கொளியில் வேறு சாயலுக்குத் திரும்பினால், படத்தை மாட்டப்போகிறவர் வீட்டிலும் அப்படியே திரும்பும். காய்ந்த கறுப்புப் பகுதியை நகத்தால் மெல்ல உரசிப் பார்ப்பதும் அவசியம். மேட் தாள்கள் இதில் பலவீனமானவை. சட்டமிடாமல் கையில் கொடுத்து விற்பவர்கள் பின்னால் வருந்த நேரும். தாள் அளவுக்கு மீறி வெண்மையாக, சற்று நீலம் கலந்து தெரிந்தால் அதில் ஒளியூட்டும் வேதிப்பொருள் சேர்த்திருக்கலாம். காலப்போக்கில் அதன் ஆற்றல் குறைந்து, தாள் தன் இயல்பான மஞ்சள் சாயலுக்குத் திரும்பும்.

செலவைக் கணக்கிடும்போது கார்ட்ரிட்ஜின் விலையை ஒப்பிடாமல், ஒரு மில்லிலிட்டர் மையின் விலையை ஒப்பிடுங்கள். மலிவான கருவியின் சிறிய கார்ட்ரிட்ஜில் மை மிகுந்த விலைக்கு விற்கப்படுவது வழக்கம். அதனுடன் தாள், கழுவலில் வீணாகும் மை, கழிவுத் தொட்டி, கெட்டுப்போகும் படிகள், கருவியின் விலையை அதன் ஆயுளுக்குப் பிரித்துப் போட்ட பங்கு ஆகியவற்றைச் சேர்த்து, விற்கத்தக்க நல்ல படிகளின் எண்ணிக்கையால் வகுத்தால்தான் ஒரு படத்தின் உண்மையான அடக்கவிலை வரும். அச்சகம் கேட்கும் விலையை இந்த எண்ணோடு ஒப்பிட வேண்டும். பெட்டியோடு வரும் முதல் தொகுதி மையை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதில் ஒரு பகுதி குழாய்களை நிரப்புவதற்கே போய்விடும்.

அச்சுத்தலை கெட்டால் யார் மாற்றுவார்கள் என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. மேலே சொன்ன கேனன் கருவி போன்றவற்றில் பயனரே தலையைக் கழற்றி மாற்றிக்கொள்ளலாம். எப்சனின் தலைகள் பொதுவாக நீண்ட காலம் உழைப்பவை, ஆனால் மாற்றுவதற்குப் பெரும்பாலும் தொழில்நுட்பரை அழைக்க வேண்டியிருக்கும்.

இரண்டு மூன்று தட்டையான நிறங்களில் நூற்றுக்கணக்கான படிகள் எடுப்பவர்களுக்கு இங்க்ஜெட்டே பொருத்தமற்றது. ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியே அச்சிடும் ரிசோகிராஃப் நகல்பொறி அல்லது வலைத்துணி வழியே மை தள்ளும் திரை அச்சு அவர்களுக்கு ஏற்றது. அப்போது மென்பொருளிடம் கேட்க வேண்டியதும் ஒவ்வொரு நிறத்தையும் தனித் தகடாகப் பிரித்துத் தரும் திறன் ஒன்றுதான்.

திரை

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். “அச்சு இருட்டாக வருகிறது” என்ற புகாரில் பெரும்பாலும் குற்றவாளி திரைதான். அச்சு வேலைக்குத் திரையின் ஒளிர்வு சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலா வரை இருந்தால் போதும். பெட்டியிலிருந்து எடுத்த திரைகள் பொதுவாக இதைவிட மிகப் பிரகாசமாக இருக்கும். திரையில் ஒட்டி அளக்கும் சிறிய அளவுகருவி ஒன்றை வாங்கி மாதம் ஒருமுறை சீராக்குங்கள். விலையுயர்ந்த திரையை அளக்காமல் பயன்படுத்துவதைவிட, நடுத்தரத் திரையை அளந்து பயன்படுத்துவது நம்பகமானது. எஸ்ஆர்ஜிபி எனப்படும் வழக்கமான நிற எல்லையை முழுமையாகக் காட்டும் திரை பெரும்பாலானவர்களுக்குப் போதும். அடர் பச்சை, நீலப்பச்சை ஆகியவற்றை மிகுதியாகப் பயன்படுத்துபவர்கள் மட்டும், 1998இல் வரையறுக்கப்பட்ட அடோபி ஆர்ஜிபி என்ற விரிந்த நிற எல்லையின் பெரும்பகுதியைக் காட்டும் திரையைத் தேடலாம்.

மென்பொருள்

இப்போது மென்பொருளுக்கு வரலாம். தூரிகைகளின் எண்ணிக்கையும் கண்ணைக் கவரும் விளைவுகளும் மதிப்பீட்டில் கடைசி இடத்துக்கு உரியவை. முதலில், நீங்கள் எழுதி வைத்த மிகப்பெரிய அளவில் ஒரு வெற்றுக் கோப்பைத் திறந்து பாருங்கள். ஏ2 தாளுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் என்றால் 4961×7016 பிக்சல். அதாவது ஏறக்குறைய மூன்றரைக் கோடி. ஒவ்வொரு நிறத்துக்கும் 16 பிட் வைத்தால் முழுதும் நிரம்பிய ஒரு லேயருக்கு (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வரையும் படலம்) மட்டும் 200 மெகாபைட்டுக்கு மேல் நினைவகம் வேண்டும். இருபது லேயர்களில் வேலை செய்பவர் தம் கணினி எங்கே மூச்சுவாங்கும் என்பதை இங்கேயே கண்டுகொள்ளலாம். ஐபேடில் இயங்கும் புரோகிரியேட்டில் கோப்பின் அளவு கூடக்கூட அனுமதிக்கப்படும் லேயர்களின் எண்ணிக்கை குறையும். சிறிய கோப்பில் சோதித்துவிட்டு மகிழ்ந்தவர்கள் பெரிய கோப்பில்தான் இதை அறிவார்கள். ஃபோட்டோஷாப்பின் வழக்கமான பிஎஸ்டி கோப்பு நீளத்திலும் அகலத்திலும் 30,000 பிக்சலோடு நின்றுவிடும். அதற்கு மேல் பிஎஸ்பி (PSB) வடிவம் வேண்டும். சுவரோவிய அளவில் வேலை செய்பவர்களுக்கு இது முக்கியம்.

8 பிட் கோப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகளே உண்டு. வானம் போன்ற மெல்லிய நிறமாற்றத்தை அதில் பலமுறை திருத்தினால் பட்டைபட்டையாக உடையும். 16 பிட் ஆதரவு உண்டா என்று மட்டும் கேட்காமல், அந்த நிலையில் உங்களுக்கு வேண்டிய வடிகட்டிகளும் தூரிகைகளும் இயங்குகின்றனவா என்றும் சோதியுங்கள்.

அடுத்தது வண்ண மேலாண்மை. தாளுக்கான ஐசிசி புரொஃபைலை ஏற்றி, அந்தத் தாளில் படம் எப்படி வரும் என்பதைத் திரையிலேயே காட்டும் சாஃப்ட் புரூஃபிங் வசதி மென்பொருளில் இருக்க வேண்டும். ஃபோட்டோஷாப், கிரிட்டா, கிம்ப் ஆகிய மூன்றிலும் அது உண்டு. இங்கே பரவலான ஒரு தவறான எண்ணத்தைக் குறிப்பிட வேண்டும். அச்சு என்றாலே கோப்பைத் திரைக்குரிய ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்) முறையிலிருந்து நான்கு அச்சு மைகளுக்குரிய சிஎம்ஒய்கே-க்கு மாற்ற வேண்டும் என்று பலர் நம்புகிறார்கள். பல மைகள் கொண்ட இங்க்ஜெட்டின் இயக்கி (கணினியிலிருந்து கருவியை இயக்கும் மென்பொருள்) ஆர்ஜிபி கோப்பையே எதிர்பார்க்கிறது; முன்கூட்டியே மாற்றினால் அந்தக் கருவியால் தர முடிந்த செறிவான நீலத்தையும் ஆரஞ்சையும் நீங்களே வெட்டியெறிகிறீர்கள். தகடுகளைக் கொண்டு பெருமளவில் அச்சிடும் ஆஃப்செட் அச்சகத்துக்கு அனுப்பும்போதுதான் சிஎம்ஒய்கே தேவைப்படும். அப்போதும் அச்சகம் எந்தப் புரொஃபைலைக் கேட்கிறதோ அதற்கே மாற்ற வேண்டும். அதே போல, வண்ணங்களை மென்பொருள் கையாளும்போது இயக்கியில் வண்ணத் திருத்தத்தை அணைத்துவிட வேண்டும். இரண்டும் சேர்ந்து திருத்தினால் தோல் நிறம் செங்கல் நிறமாகிவிடும்.

சின்னம், சுவரொட்டி, தட்டை நிற வரைபடம் ஆகியவை உங்கள் வேலை என்றால், கோடுகளைப் பிக்சல்களாக அல்லாமல் கணித வடிவங்களாகச் சேமிக்கும் வெக்டர் மென்பொருள்தான் வேண்டும். இல்லஸ்ட்ரேட்டர், கோரல்டிரா, இங்க்ஸ்கேப் ஆகியவற்றில் கோடுகள் எந்த அளவுக்குப் பெரிதாக்கினாலும் சிதையா. படத்தில் தமிழ் எழுத்து சேர்ப்பவர்கள் “கொ”, “ஸ்ரீ”, “க்ஷௌ” என்று தட்டிப் பாருங்கள். கொம்பும் காலும் இடம் மாறி உடைந்து வந்தால் மென்பொருளின் எழுத்து அமைப்பைச் சரிபாருங்கள். ஃபோட்டோஷாப்பின் சில பதிப்புகளில் விருப்பத்தேர்வுகளுக்குள் போய்த் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்து இயந்திரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். அச்சகத்துக்கு அனுப்பும் படியில் எழுத்துகளைக் கோட்டுருவமாக, அதாவது எழுத்துரு இல்லாமலே தெரியும் வடிவமாக, மாற்றிவிடுவது பாதுகாப்பானது.

உரிமம் பற்றிய முடிவு பணத்தோடு நின்றுவிடுவதில்லை. அடோபி 2013 முதல் சந்தா முறைக்கு மாறியது. புரோகிரியேட் ஒருமுறை விலைக்கு வருகிறது. கிரிட்டா, கிம்ப், இங்க்ஸ்கேப் ஆகியவை கட்டற்ற மென்பொருள்கள். சந்தாவை நிறுத்தினால் பத்து ஆண்டுகளுக்கு முந்தைய உங்கள் படத்தை எதில் திறப்பீர்கள் என்பதே கேட்க வேண்டியது. சோதனைக் காலத்திலேயே லேயர்கள் உள்ள ஒரு கோப்பை ஏற்றுமதி செய்து வேறு மென்பொருளில் திறந்து பாருங்கள். லேயரின் பகுதிகளை மறைக்கும் முகமூடிகளும், எழுத்தும், லேயர் கலப்பு முறைகளும் எவ்வளவு தப்பிப் பிழைக்கின்றன என்பது தெரியும். எதை வாங்கினாலும், முடிந்த ஒவ்வொரு படத்துக்கும் 16 பிட் டிஃப் (TIFF) கோப்பு ஒன்றைத் தனியே சேமித்து வையுங்கள்.

சோதனைக் காலத்தை விளையாட்டுக் கிறுக்கலில் செலவிடாமல், ஒரு முழுப் படத்தைத் தொடக்கம் முதல் அச்சு வரை அந்த மென்பொருளிலேயே முடியுங்கள். பேனாவின் அழுத்தம் பிடிபடுகிறதா, பெரிய தூரிகை பின்தங்குகிறதா, செயல்நீக்கம் (undo) எத்தனை படிகள் பின்னே போகிறது, மென்பொருள் எதிர்பாராமல் மூடிக்கொண்டால் வேலை மீள்கிறதா என்பவை இந்தப் பயன்பாட்டில்தான் புலப்படும்.

பணம் கட்டும் முன், உங்கள் இயங்குதளத்தின் இப்போதைய பதிப்புக்கு அச்சுப்பொறியின் இயக்கி கிடைக்கிறதா, மை தட்டுப்பாடின்றிக் கிடைக்கிறதா, உத்தரவாதம் வேறு நிறுவன மையைப் பயன்படுத்தினாலும் செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கருவி வந்து மை நிரம்பியதும், நீங்கள் தயாரித்த அதே சோதனைக் கோப்பை அச்சிட்டு, தேதி, தாள், புரொஃபைல் ஆகியவற்றைப் பின்புறம் பென்சிலால் குறித்து இருட்டான உறையில் வையுங்கள். நிறம் மாறுவதாகச் சந்தேகம் எழும்போதெல்லாம் புதிதாக ஒன்றை அச்சிட்டு அதனருகே வைத்துப் பார்த்தால், மாறியிருப்பது அச்சுப்பொறியா திரையா என்பது தெரிந்துவிடும்.