பழைய வெள்ளி நகையில் முத்திரையைப் படிக்க

பரணில் கிடந்த வெள்ளி நகை கிடைத்தால், உடனே விபூதி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். பள்ளத்தில் படிந்த கறுப்புதான் முத்திரையை, அதாவது தரத்தையும் செய்தவரையும் குறிக்கப் பொறித்த சிறு அடையாளத்தை, எடுத்துக் காட்டும். கொலுசில் கொக்கியருகே, காப்பில் உள்வளைவு, சேலை ஊசியில் பின்புறம் பாருங்கள். கைபேசி விளக்கைச் சாய்த்துப் பிடித்து, 10 மடங்கு உருப்பெருக்கியால் நோக்குங்கள்.

925 என்பது வெள்ளியின் தரம்; ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி என்று பொருள். செய்தவரின் அடையாளம் அன்று. பலரும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். பிரிட்டிஷ் நகையில் நடக்கும் சிங்கம் தரத்தையும், நங்கூரம் பர்மிங்காமில் சோதிக்கப்பட்டதையும், தனி எழுத்து ஆண்டையும் சொல்லும். ஒரு கட்டத்துக்குள் இருக்கும் தலைப்பெழுத்துகளே செய்தவருடையவை. அந்தக் கட்டத்தின் வடிவத்தையும் வரைந்துவைத்துக்கொள்ளுங்கள். ஒரே தலைப்பெழுத்து இருவருக்கு இருந்தால், வடிவம்தான் அவர்களைப் பிரித்துக் காட்டும்.

என் பாட்டியின் சேலை ஊசியில் தேய்ந்த கீறல் என்று நான் நினைத்தது, இரண்டு சீன எழுத்துகள்! சிங்கப்பூரில் இது அரிதன்று. பெரானாக்கான் (சீன, மலாய்ப் பண்பாடு கலந்த சமூகத்தினர்) வீடுகளுக்கு நகை செய்த சீனப் பட்டறைகள் கடைப்பெயரை இப்படித்தான் பொறித்தன. படமெடுத்து, சீனம் படிக்கத் தெரிந்த அண்டைவீட்டாரிடம் காட்டுங்கள். 'இ.பி.என்.எஸ்.' (EPNS) என்றிருந்தால், அது வெள்ளி முலாம் மட்டுமே.