அமுக்கத்தை வைத்துவிட்டுக் கனவளவைப் பாருங்கள்

அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் புதிதாகக் கடமையேற்கும் தாதியரும் பயிற்சி வைத்தியர்களும் வென்டிலேற்றரின் அமுக்கக் கட்டுப்பாட்டு முறையைக் கண்டு தயங்குவதற்கு நியாயமான காரணம் உண்டு. அதில் நாம் தெரிவுசெய்வது அமுக்கத்தை மட்டுமே. ஒவ்வொரு மூச்சிலும் எவ்வளவு காற்று உட்செல்லும் என்பதை நோயாளியின் நுரையீரலே தீர்மானிக்கிறது.

மாரியில் மட்டக்களப்பு வாவி நிரம்பி முகத்துவாரம் வெட்டப்படுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். முதலில் சீறிப் பாயும் வெள்ளம், வாவி மட்டமும் கடல் மட்டமும் நெருங்க நெருங்கத் தளர்ந்துவிடும். அதைப் போலவே மூச்சின் தொடக்கத்தில் வேகமாக நுழையும் காற்று, சிற்றறைகளின் அமுக்கம் கருவியின் அமுக்கத்தை எட்டும்போது நின்றுவிடுகிறது.

முதலில் நோயாளியின் உயரத்தை நாடாவால் அளந்துகொள்ளுங்கள். உடல் பருத்தாலும் நுரையீரல் பருப்பதில்லை என்பதால் தராசு இங்கே உதவாது. 155 சென்ரிமீற்றர் உயரமுள்ள பெண்ணுக்குக் உயரத்திலிருந்து கணக்கிடப்படும் நிறை ஏறத்தாழ 48 கிலோகிராம்; கிலோவுக்கு 6 முதல் 8 மில்லிலீற்றர் என்றால், ஒரு மூச்சின் கனவளவுக்கான இலக்கு சுமார் 290 முதல் 380 மில்லிலீற்றர் வரை. பொறுப்பு வைத்தியரின் பணிப்புரைப்படி, பீப்பை (வெளிமூச்சின் முடிவிலும் நுரையீரலில் எஞ்சியிருக்கும்படி கருவி பேணும் அமுக்கம்) 5 சென்ரிமீற்றர் நீரிலும் அதற்கு மேலான அமுக்கத்தை 15இலும் தொடங்கி, சில மூச்சுகளைப் பார்த்தபின் ஒன்றிரண்டாகக் கூட்டியோ குறைத்தோ இலக்கை அடையலாம். மொத்தம் 30ஐத் தாண்டாதிருப்பது நல்லது. சில கருவிகள் பீப்புக்கு மேலான அமுக்கத்தையும் வேறு சில மொத்த அமுக்கத்தையும் கேட்கும் என்பதால், கருவி மாறும்போது இதை உறுதிசெய்யாமல் எண்ணை இடாதீர்கள். உள்மூச்சு நேரம் ஒரு செக்கன், மூச்சு வேகம் நிமிடத்துக்கு 16 என்பன பலருக்குப் பொருத்தமான தொடக்கம். ஆனால் ஆஸ்துமா நோயாளியின் வெளிமூச்சு ஓட்டம் பூச்சியத்தைத் தொடுமுன் அடுத்த மூச்சு தொடங்கினால், காற்று உள்ளே சிறைப்படுகிறது என்று பொருள். அப்போது வேகத்தைக் குறைக்க வேண்டும்.

இனி, பலர் தவறவிடும் இடம். வயற்காலத்தில் பூச்சிநாசினி நஞ்சேறி வருபவருக்குச் சுரப்பு ஓயாமல் ஊறும். குழாயில் சளி அடைத்தால் திரையில் அமுக்கம் 20 என்றே அசையாமல் நிற்கும். மேல் அமுக்க எச்சரிக்கையும் ஒலிக்காது. 350ஆக இருந்த கனவளவோ 190க்கு இறங்கியிருக்கும். எனவே நிமிடக் கனவளவின், அதாவது ஒரு நிமிடத்து மூச்சுகளின் மொத்தக் கனவளவின், எச்சரிக்கைக் கீழெல்லையை 4 லீற்றர் அளவில் கட்டாயம் இடுங்கள். 16 தடவை 190 என்பது 3 லீற்றரே ஆகையால் கருவி உடனே அழைக்கும். குழாய் மடிந்துள்ளதா என்று பார்த்து, சளியை உறிஞ்சியதும் கனவளவு மீள்கிறதா என்று கவனியுங்கள்.

சில நாட்களில் நுரையீரல் தேறி, அதே அமுக்கத்தில் 450 காட்டத் தொடங்கினால் மகிழ்ந்துவிட்டு நகராதீர்கள். வைத்தியருக்கு அறிவித்து, அமுக்கத்தை இரண்டிரண்டாகக் குறைக்க வேண்டிய வேளை அது.