கண்ணாடி-செராமிக்கின் மின்கடத்தலை உலையில் தீர்மானிப்பது எப்படி?

வார்த்த கண்ணாடியை உலையில் சூடேற்றிப் படிகமாக்கினால் கிடைப்பதே கண்ணாடி-செராமிக். லித்தியம் அயனிகளைக் கடத்தும் லித்தியம் அலுமினியம் ஜெர்மானியம் பாஸ்பேட் கண்ணாடியையே எடுத்துக்கொள்வோம். வார்த்த நிலையில் அறை வெப்பநிலையில் ஏறத்தாழ மின்காப்பியாகவே இருக்கும் இது, முறையாகப் படிகமாக்கிய பின் சென்டிமீட்டருக்குப் பத்தாயிரத்தில் ஒரு சீமன்ஸ் (மின்கடத்தலின் அலகு) என்ற அளவில் கடத்துகிறது. படிகமானாலே கடத்தல் கூடும் என்று இதைப் பொதுவிதியாக்கிவிடக் கூடாது; லித்தியம் டைசிலிக்கேட் கண்ணாடியில் படிகம் வளர வளரக் கடத்தல் குறையும். அயனி நகர்வதற்கான பாதை படிகத்துக்குள் இருக்கிறதா என்பதே கேள்வி.

முதலில், வெப்பப் பகுப்பாய்வுக் கருவியில் நிமிடத்துக்கு 10 டிகிரி வீதம் சூடேற்றி, கண்ணாடி இளகத் தொடங்கும் வெப்பநிலையையும் படிகமாதலின் வெப்ப உமிழ்வு உச்சத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். நம் கண்ணாடிக்கு முன்னது சுமார் 520 டிகிரி செல்சியஸ். பின்னது 600-க்குச் சற்று மேல். மேற்பரப்பிலிருந்து படிகமாகும் கண்ணாடியானால், பொடியில் கிடைத்த உச்சம் முழுத் துண்டுக்குப் பொருந்தாது.

இளகு வெப்பநிலைக்குச் சற்று மேலே துண்டைச் சில மணி நேரம் நிறுத்தினால் நுண்ணிய படிகக் கருக்கள் ஏராளமாகத் தோன்றும். அதன்பிறகே வளர்ச்சி வெப்பநிலைக்கு ஏற்ற வேண்டும். இந்த நிறுத்தத்தைத் தவிர்த்து நேராக மேலே போனால் கருக்கள் சிலவே உருவாகி, படிகங்கள் பருத்து, துண்டு விரிசல் விடும். படிகமாதலே வெப்பத்தை உமிழ்வதால், தடித்த துண்டின் உட்புறம் உலையைவிடச் சூடாகிவிடும். ஆகவே கருக்கள் தோன்றும் வெப்பநிலைக்கும் வளர்ச்சி வெப்பநிலைக்கும் இடைப்பட்ட பகுதியை நிமிடத்துக்கு ஓரிரு டிகிரி வேகத்தில் கடப்பதே நல்லது. (இத்துறையே ஓர் உலைக் கோளாறில் பிறந்தது: 1953-இல் அமெரிக்கக் கண்ணாடி ஆய்வாளர் டொனால்ட் ஸ்டூக்கி 600 டிகிரிக்கு வைத்த உலை 900-க்கு ஏறிவிட, உருகி வழிந்திருக்கும் என்று அவர் எதிர்பார்த்த தகடு வெண்மையாக, கீழே விழுந்தும் உடையாமல் கிடைத்தது.)

நம் கண்ணாடிக்கு வளர்ச்சி நிறுத்தத்தை 800 முதல் 850 டிகிரி வரை வைக்கலாம். ஒரே வார்ப்பிலிருந்து வெட்டிய துண்டுகளில் வெப்பநிலையை மட்டும் மாற்றி, இருபுறமும் பொன் பூசி, மின்மறிப்பை (மாறுதிசை மின்னோட்டத்துக்கு எழும் தடையை) பல அதிர்வெண்களில் அளவிடுங்கள். வரைபடத்தில் பெரும்பாலும் இரு வளைவுகள் தென்படும்: உயர் அதிர்வெண் வளைவு படிகமணியின் (தனித்தனிப் படிகத் துகளின்) உட்புறத்தையும், தாழ் அதிர்வெண் வளைவு மணிகளின் எல்லையையும் காட்டும். வெப்பநிலையைக் கூட்டும்போது எல்லை வளைவு சுருங்கினால் மணிகள் நன்றாக ஒட்டுகின்றன என்று கொள்ளலாம். அது மீண்டும் பெருக்கத் தொடங்கினால், நுண்விரிசலோ எல்லையில் சேரும் அலுமினியம் பாஸ்பேட்டோ காரணமாக இருக்கலாம்; முந்தைய துண்டின் வெப்பநிலைக்கே திரும்பிவிடுங்கள்.