நாட்டுக்கோழிக் குஞ்சுகள்: முதல் வாரத்தில் நடக்கும் தவறுகள்

நூறு குஞ்சு இறக்கி, பத்தே நாளில் இருபதைப் பறிகொடுத்துவிட்டு ‘சீக்கு விழுந்துவிட்டது’ என்கிறோம். பல கொட்டகைகளில் அதைக் கொன்றது சீக்கு அல்ல, குளிர். பிறந்த குஞ்சால் தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. முதல் வாரம் புரூடருக்குள், அதாவது பல்பு மாட்டிக் குஞ்சுக்குச் சூடு கொடுக்கும் தடுப்புக்குள், 95 டிகிரி ஃபாரன்ஹீட் வேண்டும். பிறகு வாரத்துக்கு 5 டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம்.

பல்புக்கு, ஒரு குஞ்சுக்கு 2 வாட் என்று கணக்கு. எல்இடி பல்பை மாட்டிவிடாதீர்கள், வெளிச்சம்தான் வரும், சூடு வராது. பழைய குண்டு பல்பே வேண்டும். நூறு குஞ்சுக்கு 100 வாட் இரண்டைவிட 60 வாட் நான்கு நல்லது. நள்ளிரவில் ஒன்று ஃபியூஸ் போனாலும் மற்றவை தாங்கும்.

குஞ்சுப்பெட்டி வந்த பிறகு பல்பைப் போடுவது இன்னொரு தவறு. மேலே காற்று சூடாகியிருக்கும், அடியில் உமி ஜில்லென்றே கிடக்கும். நான்கைந்து மணி நேரம் முன்பே போட்டுவிடுங்கள். இறக்கிய சிறிது நேரத்தில் ஒரு குஞ்சை எடுத்து அதன் பாதத்தை உங்கள் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்றிருந்தால் தரைக்கு இன்னும் சூடு ஏறவில்லை.

தெர்மாமீட்டர் இருந்தாலும் குஞ்சுகளையும் பார்க்க வேண்டும். பல்புக்கு அடியில் குவிந்து ஓயாமல் கத்தினால் குளிர். தடுப்போரம் ஒதுங்கி வாயைப் பிளந்தால் சூடு அதிகம். எல்லாமே ஒரே பக்கம் ஒதுங்கினால் எங்கிருந்தோ காற்று அடிக்கிறது. தடுப்பு ஒன்றரை அடி உயரத்தில் வட்டமாக இருக்கட்டும். மூலை இருந்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏறி அடியில் இருப்பவை நசுங்கிச் சாகும்.

காற்றுக்குப் பயந்து நாலு பக்கமும் தார்ப்பாயை இறுக்கிக் கட்டினால் எச்சத்திலிருந்து கிளம்பும் அமோனியா வாயு உள்ளேயே தேங்கும். மேலே ஓரடி திறந்தே இருக்கட்டும். நின்றபடி மோந்தால் தெரியாது, குஞ்சு உயரத்துக்குக் குனிந்து பாருங்கள். கண் எரிந்தால் ஈர உமியை உடனே அள்ளிவிடுங்கள்.

உமி 2 அங்குலம் போதும். முதல் மூன்று நாள் மேலே செய்தித்தாள் விரித்து தினமும் மாற்றுங்கள், இல்லையென்றால் தீவனம் என்று உமியைக் கொத்தும். வழவழப்பான தாள் மட்டும் வேண்டாம், கால் வழுக்கி விரிந்துபோகும்.

முதலில் தண்ணீர், பிறகுதான் தீவனம். ஆழமான கிண்ணம் வைத்தால் விழுந்து நனையும். கூழாங்கல் போட்டு வையுங்கள். அன்று இரவே பத்துக் குஞ்சின் கழுத்தடியில் இருக்கும் இரைப்பையைத் தொட்டுப் பாருங்கள். மெத்தென்று நிறைந்திருந்தால் சரி. கல் போலிருந்தால் தண்ணீர் குடிக்கவில்லை. தட்டையாக இருந்தால் தீவனத் தட்டு அதன் கண்ணில் படவில்லை, பல்பு வெளிச்சம் விழும் இடத்துக்கு நகர்த்துங்கள்.

ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்) நோய்க்கான தடுப்புச் சொட்டு மருந்தைச் சட்டைப்பையில் போட்டு எடுத்து வந்தால் வீண். ஐஸ் வைத்த பிளாஸ்கில்தான் கொண்டுவர வேண்டும். கலக்கிய மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் விட்டு முடியுங்கள். சோர்ந்து நிற்கும் குஞ்சுக்கு அன்று போட வேண்டாம்.